‘வேறெதையும் நினைக்காதே’ என்று சொல்லாதீர்கள்

2015 அக்டோபரில் நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர்–பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட், பெற்றோருக்குப் பதினாறு பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். பிரின்ஸ்டனை ஒட்டிய இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆசிய வம்சாவளியினர். இந்தியக் குடும்பங்கள் கணிசம். அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அதற்கு முந்தைய ஒரே கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 120 பேரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப் பரிந்துரைக்க நேர்ந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அவர் தெரிவித்தார். உயர்நிலைப் பள்ளியின் இடைப்பருவ, இறுதித் தேர்வுகள் கைவிடப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் அறிவிக்கப்பட்டன. பெற்றோர் இரண்டுபட்டு நின்றார்கள். வெள்ளையரில் பெரும்பாலோர் வரவேற்றார்கள். ஆசியப் பெற்றோரில் பலர், தங்கள் பிள்ளைகளின் கல்வித் தரத்தைக் குறைக்கும் முயற்சி இது என்று எதிர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இந்தப் பிளவை விரிவாக எழுதியபோது விவாதம் நாடு முழுக்கப் பரவியது.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் ஃப்ரிஸ்கோவிலும் நம் வீடுகளில் ஊறிப்போன கருத்து மட்டும் அசையவில்லை. அதை நியாயமாகவே எடுத்துச் சொல்வோம். தேர்வுக்குப் படிக்கும்போது மனம் அலைவது எல்லோருக்கும் உள்ளதுதான். கெட்டிக்காரப் பிள்ளை அதை அடக்கிக்கொண்டு படிக்கிறது; மற்ற பிள்ளை அதில் மூழ்கிப்போகிறது. ஆகவே பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டியது அடக்கமும் உறுதியும். ‘கண்டதையும் யோசிக்காம புத்தகத்தைப் பாரு’, ‘இங்கே உனக்கு என்ன குறை?’, ‘நாங்கள்லாம் படிக்கலையா?’ என்னும் மூன்று வாக்கியங்களில் இந்தக் கருத்து முழுவதும் அடங்கிவிடும். மூன்றும் அன்பிலிருந்து வருபவை என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றும் தவறு என்பதிலும் ஐயமில்லை. படிக்கும் பிள்ளையை அலைக்கழிக்கும் எண்ணத்தை மன உறுதியின் குறையாக நாம் பார்க்கிறோம். தோற்றால் தனக்கு என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளை போடும் கணக்கு அது. தோல்விக்கு விலை வைத்தவர்கள் பெரியவர்கள். விலையை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் நிறுத்தச் சொன்னால் எந்தப் பிள்ளையாலும் நிறுத்த முடியாது.

அடக்கச் சொல்லும் அறிவுரையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கப்பட்டுவிட்ட ஒன்று. டெக்சஸின் சான் அன்டோனியோவிலுள்ள டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை 1987இல் வெளியானது. மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காமல் இருக்கச் சொன்னார்கள். நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னதும், முன்பு அடக்கிவைத்திருந்தவர்கள், அடக்காதவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். காரணம் புரியாததல்ல. ஓர் எண்ணம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், அது வந்துவிட்டதா என்று மனத்தின் ஒரு மூலை ஓயாமல் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். தேடுவதே அழைப்பதாகிவிடுகிறது. கரடி மேல் யாருக்கும் அச்சமில்லை. அதையே ஐந்து நிமிடம் விலக்கிவைக்க முடியவில்லை. ‘இந்தத் தேர்வில் கோட்டைவிட்டால் என்ன ஆகும்’ என்பது ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு உயிரை உலுக்கும் எண்ணம். அதை இரவு பதினொரு மணிக்கு வேதியியல் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து விலக்கிவை என்கிறோம். மனத்தை அடக்கிச் சும்மா இருப்பது சித்துகள் எல்லாவற்றினும் அரிது என்று தாயுமானவரே கருதினார். துறவியும் அரிது என்ற ஒன்றைப் பதினோராம் வகுப்புப் பிள்ளையிடம் சாதாரண ஒழுக்கமாக எதிர்பார்ப்பது நம் மரபுக்கே பொருந்தவில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேண்டாத எண்ணம் தலைக்குள் நுழைவதே கோளாறின் அடையாளம் என்று பல பிள்ளைகள் தனியாக அஞ்சுகிறார்கள். எஸ். ராச்மனும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மனநோயும் இல்லாதவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு இத்தகைய அழையா எண்ணங்கள் வருவதைக் காட்டினார்கள். நோயாளியின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் உள்ளடக்கத்தை வைத்துப் பிரித்தறிவது எளிதாக இல்லை. எண்ணம் வந்ததை எவ்வளவு பயங்கரமாக எடுத்துக்கொள்கிறார்கள், அதோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. ஆக, ‘ஏன் இப்படியெல்லாம் யோசிக்கிறே?’ என்று வீட்டில் அதட்டும்போது, வந்து போயிருக்கக்கூடிய ஓர் எண்ணத்துக்குக் குற்ற உணர்வையும் கூட்டி உட்கார வைக்கிறோம். அதன் செலவு நேராக மதிப்பெண்ணில் விழுகிறது. லீபர்ட்டும் மாரிஸும் 1967இல் தேர்வுப் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கை வியர்ப்பதும் நெஞ்சு படபடப்பதும் ஒன்று. ‘எனக்கு வராது, எல்லோரும் முந்திவிடுவார்கள்’ என்று மனத்துக்குள் ஓடும் கவலைப் பேச்சு மற்றொன்று. மதிப்பெண்ணைக் குறைப்பதில் பெரும்பங்கு இரண்டாவதுக்கு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டன. ஒரு கணக்கின் இடைப்படிகளைத் தாங்கிப்பிடிக்கும் குறுநினைவின் இடத்தைத்தான் இந்தப் பேச்சும் பிடித்துக்கொள்கிறது. படித்த பிள்ளை தேர்வறையில் ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்று சொல்வது சாக்கு அல்ல என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை.

இந்த இடத்தில் எதிர்வாதம் வரும். கொஞ்சம் பயம் இருந்தால்தானே பிள்ளை படிக்கும்? அழுத்தமே இல்லாவிட்டால் சோம்பல்தானே மிஞ்சும்? இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது யெர்க்ஸ்–டாட்சன் விதி. ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் அதை 1908இல் வெளியிட்டார்கள். சோதிக்கப்பட்டவை எலிகள். வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி இரண்டில் சரியானதற்குள் போக வேண்டும், தவறினால் மின்னதிர்ச்சி. இரண்டு பெட்டிகளும் பளிச்சென்று வேறுபட்டபோது, அதிர்ச்சி கூடக்கூட எலி வேகமாகக் கற்றது. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக்கப்பட்டபோது நிலைமை மாறியது: பலத்த அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது, மிதமானதே உதவியது. ‘கொஞ்சம் பயம் நல்லது’ என்று இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். வேலை கடினமாக ஆக, தாங்கத்தக்க அச்சத்தின் அளவு குறைகிறது என்பதே அந்த ஆய்வின் சாரம். நம் பிள்ளைகளோ ஏபி கால்குலஸும் ஏபி இயற்பியலும் எடுக்கிறார்கள். பள்ளியிலேயே கடினமான பாடங்களுக்குத்தான் வீட்டிலும் அதிக அச்சத்தைச் சேர்க்கிறோம்.

எலியை விட்டுவிட்டு மனிதர்களிடம் வந்தாலும் விடை மாறவில்லை. ‘புலித் தாய்’ என்று 2011இல் ஏமி சுவா எழுதிய நூல் ஆசியக் குடும்பங்களில் ஒரு பெருமிதத்தைக் கிளப்பியது. கண்டிப்பால்தான் நம் பிள்ளைகள் ஜெயிக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு அது உருவம் கொடுத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சு யோங் கிம் அந்த நம்பிக்கையைச் சோதித்தார். வடக்குக் கலிபோர்னியாவில் 444 சீன–அமெரிக்கக் குடும்பங்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்த அவருடைய ஆய்வு 2013இல் வந்தது. புலி வளர்ப்பில் வளர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண், ஆதரவான வளர்ப்பில் வளர்ந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. மனச்சோர்வும் பெற்றோரிடமிருந்து விலகலும் கூடுதலாக இருந்தன. ஆதரவான பெற்றோர் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கண்காணித்தார்கள், காரணம் சொல்லி விளக்கினார்கள், அன்பைக் காட்டினார்கள். அவமானப்படுத்துவதும் மிரட்டுவதும்தான் அங்கே இல்லை. இது சீனக் குடும்பங்களைப் பற்றியது, நமக்குப் பொருந்தாது என்று ஒருவர் சொல்லலாம். பொருந்தாது என்று காட்டும் ஆதாரத்தை அவர்தான் கொண்டுவர வேண்டும். கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் அதே பள்ளிகளில், அதே டியூஷன் மையங்களில், அதே கல்லூரிகளைக் குறிவைத்துத்தான் இரு சமூகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

‘நாங்கள்லாம் படிக்கலையா?’ என்பதற்கு வருவோம். படித்தீர்கள், கடுமையாகவே படித்தீர்கள். 1200 மதிப்பெண்ணுக்கான பிளஸ் டூ, அதற்கு மேல் நுழைவுத் தேர்வு, மின்வெட்டு, ஒரே அறையில் நான்கு பேர். அந்தக் கஷ்டத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த அழுத்தத்தில் உடைந்துபோனவர்கள் இன்று பிளேனோவிலோ சன்னிவேலிலோ உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கரை சேர்ந்தவர்களை மட்டும் எண்ணி ஆற்றில் ஆழமில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறகு, நீங்கள் எழுதிய தேர்வின் வடிவமே வேறு. அது ஒரு மார்ச் மாதத்தோடு முடிந்தது. கோட்டைவிட்டவர்களுக்கும் வழி இருந்தது: ஒரு காலகட்டத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. அண்ணா பல்கலைக்கழகம் கிடைக்காதவர் சிவகாசி மெப்கோவுக்கோ பெருந்துறை கொங்குவுக்கோ, பெயர் தெரியாத வேறொரு கல்லூரிக்கோ போனார். அப்படிப் போன பலர் இன்று அமெரிக்காவில் வீடு வாங்கிப் பிள்ளை வளர்க்கிறார்கள். அந்தப் பெற்றோரே, முதல் இருபது கல்லூரிகளில் இடம் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்னும் அச்சத்துக்கு உயிருள்ள மறுப்பு. தங்கள் வாழ்க்கை காட்டும் உண்மையைத் தங்கள் பிள்ளைக்குச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இங்கேயுள்ள பிள்ளைக்குத் தேர்வு ஒரு மாதத்தில் முடிவதில்லை. ஒன்பதாம் வகுப்பின் முதல் சிறு தேர்விலிருந்தே ஜிபிஏ சேரத் தொடங்குகிறது; வாரந்தோறும் அந்த எண் கைப்பேசியில் ஏறி இறங்குகிறது; பிள்ளை பார்ப்பதற்கு முன் அப்பா பார்த்துவிடுகிறார். டெக்சஸில் இது இன்னும் கூர்மை. உயர்நிலைப் பள்ளியில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் என்று 1997இல் சட்டம் வந்தது. ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கும் கதவைத் திறந்த நல்ல சட்டம் அது. அதைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. ஆனால் 2009இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் தன் வரம்பைக் குறுக்கிக்கொண்டது. பல ஆண்டுகள் ஆறு விழுக்காடாக இருந்தது, 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களுக்கு ஐந்தாகிவிட்டது. எல்லோரும் ஏபி எடுக்கும் ஒரு புறநகர்ப் பள்ளியில் இதன் பொருள் என்ன? பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழி ஒரு படி ஏறினால் நான் ஒரு படி இறங்குகிறேன். வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்து நாடகம் போடும் இரண்டு பிள்ளைகள், வாரநாளில் ஒருவர் மற்றவருடைய தரவரிசையைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தின் முன்னால் வரும் எண்ணங்களுக்கு இதைவிட என்ன எரிபொருள் வேண்டும்? தமிழ்நாட்டு அரசே 2017இல், பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் காலத்தில், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. ஊர் விட்டுவிட்டதை நாம் இங்கே வாட்ஸ்அப் குழுக்களில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

‘இங்கே உனக்கு என்ன குறை?’ என்ற கேள்விக்கு ஆய்வுலகம் கேட்டதும் நம்ப முடியாத ஒரு விடையைத் தந்திருக்கிறது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் சுனியா லூதர், வசதியான ஊர்களின் சாதனைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். மனச்சோர்வும் பதற்றமும் போதைப்பொருள் பழக்கமும் தேசிய சராசரியைவிட அங்கே கூடுதலாக இருப்பதைக் கண்டார். பிரின்ஸ்டனில் தலைமையகம் கொண்ட ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் 2018 அறிக்கை, வளரிளம் பருவத்தினரின் மனநலத்தைக் கெடுக்கும் சூழல்களில் வறுமை, அதிர்ச்சி அனுபவம், பாகுபாடு ஆகியவற்றோடு சாதிக்க வேண்டும் என்ற மிகையான அழுத்தத்தையும் சேர்த்தது. நம் குடும்பங்களுக்கு மட்டும் உரிய இன்னொரு சுமையும் உண்டு, அதைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரின் பச்சை அட்டை வரிசை, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு விழுக்காட்டு நாட்டு வரம்பால், இந்தியர்களுக்குப் பல பத்தாண்டுகளாக நீண்டிருக்கிறது. எச்-4 சார்பு விசாவில் வளரும் பிள்ளை இருபத்தொரு வயதில் அந்த வரிசையிலிருந்து விழுந்துவிடுகிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பகுதியினரை மட்டுமே காப்பாற்றுகிறது. கூட்டரசுக் கல்விக் கடனும் உதவித்தொகையும் இந்தப் பிள்ளைக்குக் கிடையாது. அப்பாவின் வேலை போனால் குடும்பமே ஊர் திரும்ப நேரலாம் என்பதைச் சாப்பாட்டு மேசைப் பேச்சிலிருந்தே பிள்ளை புரிந்துகொள்கிறது. ‘நான் நல்ல கல்லூரியில் நுழையாவிட்டால் இவர்கள் பட்டதெல்லாம் வீண்’ என்று அது கணக்குப் போடுவதைக் கற்பனை என்று தள்ள முடியாது. நாம் வாயால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து அது கூட்டிப் பார்த்துவிட்டது. அந்தப் பிள்ளையிடம் இந்த விஷயத்தைத் திறந்து பேசி, எது உன் பொறுப்பு, எது உன் பொறுப்பல்ல என்று பிரித்துக் கொடுப்பது பெரியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. பிளெயின்ஸ்பரோவின் ஆசியப் பெற்றோர் எழுப்பியதும் அதுதான். வெள்ளையர் பிள்ளைக்குத் தாத்தா படித்த கல்லூரி, மாமாவின் நிறுவனம், குடும்பச் சொத்து என்று தாங்கிப்பிடிக்க ஆயிரம் கைகள் உண்டு. நமக்கு மதிப்பெண்ணைத் தவிர வேறென்ன? அழுத்தத்தைக் குறை என்பது ஏற்கெனவே வந்துசேர்ந்தவர்களின் சொகுசு அல்லவா? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. அதை இனவாதக் கிண்டலோடு சிலர் எதிர்கொண்டது அநீதி. ஆனாலும் இந்த மறுப்பு இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறது. தரம் வேறு, தோல்வியின் விலை வேறு. கடினமான கணக்கைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அது தவறினால் வீட்டில் மூன்று நாள் பேச்சு நிற்கும் என்பதைக் கொடுக்காதீர்கள். முதலாவதைக் குறைக்காமலே இரண்டாவதைக் குறைக்க முடியும் என்பதற்குத்தான் கிம்மின் ஆய்வு சான்று. ஒரே கல்லூரிப் பெயரின் மேல் வாழ்க்கை முழுவதையும் பணயம் வைப்பதற்கும் ஆதாரம் குறைவு. பிரின்ஸ்டன் பொருளியலாளர் ஆலன் க்ரூகரும் ஸ்டேசி டேலும் 2002இல் காட்டியது இது: புகழ்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் அவ்வளவு புகழில்லாத கல்லூரிக்குப் போனவர்களின் பிற்கால வருமானம், அங்கேயே சேர்ந்தவர்களிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை. விதிவிலக்கு உண்டு: எளிய பின்னணியிலிருந்து வந்தவர்களுக்குப் புகழ்பெற்ற கல்லூரி உண்மையிலேயே உதவியது. ராஜ் செட்டியும் உடனாய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு விதிவிலக்கைக் கண்டது: உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டு வருமானத்தை எட்டும் வாய்ப்பு ஐவி நிலைக் கல்லூரிகளால் கூடுகிறது, சராசரி வருமானம் குறிப்பிடும்படி மாறுவதில்லை. மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இரண்டு பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைக்கு ரட்கர்ஸும் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகமும் வீழ்ச்சி ஆகாது. இதைப் பெற்றோர் உள்ளூற அறிந்திருந்தால் போதாது. பிள்ளையின் காதில் விழும்படி, முடிவு வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

அடக்கச் சொல்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் வளர்ந்துவருகிறது. மூச்சுப் பயிற்சி, தியானச் செயலி, பள்ளியில் மனமுனைப்பு வகுப்பு இருந்தால் எல்லாம் தீரும் என்பது அவர்கள் கட்சி. நோக்கம் நல்லது, ஆனால் ஆதாரத்தைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ‘மிரியட்’ சோதனையின் முடிவு 2022இல் வந்தது. வகுப்பு முழுமைக்கும் கற்பிக்கப்பட்ட மனமுனைப்புத் தியானம், வழக்கமான வகுப்பைவிடக் கூடுதல் பயன் எதையும் தரவில்லை. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் கவலைகளை எழுதிவிட்டால் மதிப்பெண் கூடும் என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு பத்திரிகைகளில் பரவலாகக் கொண்டாடப்பட்டது. 2018இல் புகழ்பெற்ற 21 சோதனைகளை மீண்டும் செய்துபார்த்தபோது தேறாமல் போனவற்றில் அதுவும் ஒன்று. இவை ஒரு தனிப் பிள்ளைக்கு இதம் தரலாம், தரட்டும். ஆனால் இவையும் சுமையைப் பிள்ளையின் தலைக்குள்ளேயே விட்டுவிட்டு அங்கேயே சமாளிக்கச் சொல்பவை. அந்த வகையில் அடக்கச் சொல்லும் பெற்றோருக்கும் செயலியைக் கையில் கொடுக்கும் பள்ளிக்கும் அதிக தூரமில்லை.

பிள்ளை தன் மேசையில் செய்யக்கூடியது எதுவும் இல்லையா என்றால், உண்டு. அவையெல்லாம் எண்ணத்தோடு சண்டை போடாதவை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கோவெக் குழு 1983இல் சோதித்த முறை எளிமையானது: கவலைக்கென்று நாளில் அரை மணி நேரம், ஓர் இடம் ஒதுக்குவது; மற்ற நேரத்தில் வரும் கவலையைத் துரத்தாமல் அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது. மறுக்கப்படாத எண்ணம் காத்திருக்கச் சம்மதிக்கிறது. முடிக்காத வேலை பற்றிய எண்ணங்கள் வேறொரு வேலையின் நடுவே குறுக்கிடுவதை, எப்போது, எங்கே, எப்படி முடிப்பது என்று திட்டம் எழுதிவைப்பதே பெரிதும் நிறுத்திவிடுகிறது என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் காட்டினார்கள். படிக்கும் முறையும் முக்கியம். புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது கண் ஓடும், மனம் அலையும். வாசித்தோம் என்ற பொய்யான நிம்மதி மட்டும் மிஞ்சும். மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருப்பதை ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் நிறுவினார்கள். எனக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கு அது அன்றே விடை சொல்லிவிடுவதால், இரவெல்லாம் அதே கேள்வி சுற்றிவர வேண்டிய தேவையும் குறைகிறது. பிறகு தூக்கம். பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பாலோ ஆல்டோவில் மாணவர்கள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்ட துயரத்துக்குப் பின், 2015இல் கன் உயர்நிலைப் பள்ளி விடியற்காலைப் பாட வகுப்புகளை நிறுத்தியது. மாணவர்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள் என்பது யோசிக்க வைப்பது. தூக்கத்தை விட்டுக்கொடுப்பதே உழைப்பு என்று அவர்களை நம்ப வைத்திருந்தோம். கலிபோர்னியா 2019இல் சட்டமே இயற்றி, 2022 ஜூலை முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்றாக்கியது. அப்படிக் கிடைக்கும் நேரத்தையும் டியூஷனுக்குக் கொடுத்துவிடும் வீட்டில் சட்டம் என்ன செய்யும்?

‘இதையெல்லாம் பேசப் பேசத்தான் பெரிதாகும், பேசாமல் விட்டால் தானே அடங்கும்’ என்பது கடைசித் தடை. நம் குடும்பங்களில் அதிகத் தீங்கு செய்வது இதுதான் என்று நினைக்கிறேன். உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதுகூட அந்த எண்ணத்தைத் தூண்டுவதில்லை என்பது, பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான திறனாய்வின் முடிவு. சாதாரணக் கவலையைப் பற்றிக் கேட்பது எப்படித் தூண்டும்? வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலும், சாப்பாடு குறைந்தாலும், ஒரே எண்ணம் மணிக்கணக்கில் விடாமல் பிடித்தாலும், அதைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தாலும், வாழ்வதில் பொருளில்லை என்று சொன்னாலும் வீட்டு அறிவுரையின் எல்லை அங்கே முடிந்துவிட்டது. மருத்துவம் தேவை; அதற்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் உண்டு. மனநல நெருக்கடி உதவிக்கான 988 என்ற எண்ணை 2022 ஜூலையிலிருந்து எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

‘ரெக்கார்டில் ஏறிவிடும், கல்லூரிக்குத் தெரிந்துவிடும்’ என்ற பயத்தாலேயே பல குடும்பங்கள் பள்ளி ஆலோசகரின் கதவைத் தட்டுவதில்லை. பள்ளியின் மதிப்பெண் சான்றில் ஆலோசகரையோ மருத்துவரையோ பார்த்த விவரம் இடம்பெறாது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்படி, பதற்றக் கோளாறு உள்ள மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம், தனியறை போன்ற வசதிகளைப் பள்ளியிடம் கேட்கலாம். பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளி அதைப் புறக்கணிக்க முடியாது. இப்படிக் கூடுதல் நேரத்தில் எழுதிய எஸ்ஏடி மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் அடையாளக் குறி போட்டுக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அந்த வழக்கத்தை காலேஜ் போர்டு 2003 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது.